ரிடுக்சிமாப் ஏற்றும் முன் மூன்று சோதனைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, இரத்த வங்கிப் பொறுப்பு மருத்துவர் அவர்களே, இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, குருதிக் கொடையாளர் சங்கத்தாரே, அனைவருக்கும் வணக்கம். நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் இந்த அரங்குக்கு அழைத்து வந்த அமைப்பாளர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. இன்றைய பேச்சு அவர்களுக்காகத்தான்.

ஹெபடைடிஸ் எனும் கல்லீரல் அழற்சிக்கும் இரத்த நோய்களுக்கும் உள்ள உறவு மூன்று வகை. கிருமியே புற்றைக் கிளப்புவது ஒன்று. புற்றுக்குக் கொடுக்கும் மருந்து கிருமியைக் கிளப்புவது இரண்டு. காமாலை வந்துபோன பின் எலும்பு மஜ்ஜை வற்றிப்போவது மூன்று, அதை இன்று விட்டுவிடுவோம். தூங்குற புலியை இடறாதே என்பார்கள் நம் பெரியவர்கள். இரண்டாவது வகைக்காகவே சொல்லிவைத்தது போலிருக்கிறது.

இன்று ஜூலை 28, உலக ஹெபடைடிஸ் தினம். அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் பரூக் பிளம்பெர்க் பிறந்த நாள் இது. அந்த மனிதர் கல்லீரலைத் தேடிப் போனவரே இல்லை. ஆளுக்கு ஆள் இரத்தப் புரதம் எப்படி மாறுகிறது என்று 1960-களில் அமெரிக்காவில் ஆராய்ந்துகொண்டிருந்தார். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோபிலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளியின் சீரம், அதாவது இரத்தத்தின் தெளிநீர், ஒரு குழியில். உலகின் பல மூலைகளிலிருந்து வந்த சீரங்கள் எதிர்க்குழிகளில். நடுவில் அகார் ஜெல். ஒன்றை ஒன்று அடையாளம் கண்டால் இடையில் கோடு விழும். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் சீரத்துக்குக் கோடு விழுந்தது. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்தார்கள். நலமாக இருந்த அமெரிக்கர்களிடம் அது அரிது. லுகேமியா என்ற இரத்தப் புற்று நோயாளிகளிடமோ அடிக்கடி தென்பட்டது! லுகேமியா வரப்போகிறவர்களின் பரம்பரை அடையாளமோ என்று ஐயம். லுகேமியா கூடுதலாக வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைச் சோதித்தார்கள், அவர்களிடமும் இருந்தது. ஐயம் வலுத்தது. 1966-ல், முன்பு கோடு விழாத ஒரு டவுன் சிண்ட்ரோம் நோயாளிக்குப் புதிதாகக் கோடு விழுந்தது. பரம்பரைச் சொத்து நடுவில் முளைக்குமா? பரிசோதித்தால், அவருக்குக் கல்லீரல் அழற்சி. அடுத்த ஆண்டு ஆய்வகப் பணியாளர் பார்பரா வெர்னருக்கு உடல் சோர்ந்தது. தன் சீரத்தைத் தானே சோதித்தார், மெல்லிய கோடு. பின்னாலேயே காமாலை. பிடிபட்டது ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறை. எதிர்ப்பாற்றல் குன்றி, அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடம் அது தங்கிவிட்டிருந்தது. அதிலிருந்துதான் இரத்த வங்கிச் சோதனையும் தடுப்பூசியும் வந்தன. 1976-ல் நோபல் பரிசு.

முதல் வகைக்கு ஹெபடைடிஸ் சி நல்ல சாட்சி. அது பி லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை ஆண்டுக்கணக்கில் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் அவை கட்டுமீறி லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று ஆகின்றன. 2002-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், மண்ணீரல் லிம்போமாவோடு சி கிருமியும் இருந்த 9 பேருக்கு இன்டர்ஃபெரான் கொடுத்தார்கள். 7 பேருக்குக் கிருமி மறைந்ததும் லிம்போமாவும் மறைந்தது. கிருமி இல்லாத 6 பேருக்கு அதே மருந்து பலிக்கவில்லை. இன்று சி கிருமியை ஒழிக்க சோபோஸ்புவிர், வெல்படஸ்விர் மாத்திரை பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். வேகமாகப் பரவும் லிம்போமாவுக்கு மட்டும் கீமோவைத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது இரண்டாவது வகைக்கு, அந்தப் புலிக்கு வருவோம். ஹெபடைடிஸ் பி குணமான பிறகும் அதன் மரபணு கல்லீரல் செல்லின் உட்கருவில் படுத்திருக்கும். அதைக் காவல் காப்பது நம் எதிர்ப்பாற்றல். லிம்போமாவுக்கு ரிடுக்சிமாப் என்ற மருந்தை ஏற்றினால், முன்பு சொன்ன பி லிம்ஃபோசைட்டுகள் அடியோடு போகின்றன, கூடவே ஸ்டீராய்டும் சேர்கிறது. காவல் விலகியதும் கிருமி பெருகும். கீமோ முடிந்து எதிர்ப்பாற்றல் திரும்பும்போது கல்லீரல் தாக்கப்பட்டு, சிலருக்குச் செயலிழந்தே போகிறது. புற்று அடங்கியவர் காமாலையில் போவதை எந்தக் குடும்பம் தாங்கும்?

முதல் டோஸுக்கு முன் ஹெச்.பி.எஸ்.ஏஜி (பி கிருமியின் மேலுறை), ஆன்டி ஹெச்.பி.சி (பி கிருமியின் உள்ளுறைக்கு எதிரான ஆன்டிபாடி), ஹெச்.சி.வி ஆன்டிபாடி (சி கிருமிக்கு எதிரானது) மூன்றையும் பாருங்கள். தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவையே. முதல் சோதனை நெகட்டிவ் என்றதும் நிறுத்திவிடுகிறார்கள். பழைய தொற்றைக் காட்டுவது இரண்டாவது. அதிலும் டோட்டல் என்று எழுத வேண்டும், புதுத் தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம் ஆன்டிபாடியை மட்டும் பார்த்தால் பழையது தெரியாது. இரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றிய பிறகு மாதிரி எடுத்தால் கொடையாளியின் ஆன்டிபாடியே பாசிட்டிவ் காட்டும்.

ஹெச்.பி.எஸ்.ஏஜி, ஆன்டி ஹெச்.பி.சி இரண்டில் எது பாசிட்டிவ் ஆனாலும், ரிடுக்சிமாப் தொடங்கும் முன்பே பி கிருமியை அடக்கும் மாத்திரை: என்டகாவிர் 0.5 மில்லிகிராம் அல்லது டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், தினம் ஒன்று. என்டகாவிர் வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி. சிறுநீரகம் பழுதென்றால் அளவு மாறும். கடைசி ரிடுக்சிமாபோடு மாத்திரையை நிறுத்துவதுதான் தூங்குற புலியை இடறுவது. அதற்குப் பிறகும் குறைந்தது 12 மாதம், முடிந்தால் 18 மாதம் தொடர வேண்டும். நிறுத்திய பிறகும் ஓராண்டு கண்காணிப்பு.

கீழாநெல்லி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1988-ல் சென்னையில் தியாகராஜன் குழு பிளம்பெர்க்கோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மைதான். பிந்தைய ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ரிடுக்சிமாப் ஏற்றுகிறவர்கள் அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

முதல்வர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். கீமோ படிவத்தின் முதல் பக்கத்தில் இந்த மூன்று சோதனைகளுக்கும் கட்டம் அச்சிட வேண்டும். அவை நிரம்பாத படிவத்துக்கு மருந்தகம் ரிடுக்சிமாபை வெளியே கொடுக்கக் கூடாது.