தலைதட்டாத படி

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு மாணவி போன் செய்து, "சார், சந்தையில் அரசு கை வைக்கக் கூடாது என்கிறீர்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கும் போகிறீர்கள், இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?" என்று கேட்டாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்தப் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் பேசக் கூப்பிட்டதும் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அதற்குப் பதில் இந்தப் பக்கத்து மண்ணில்தான் இருக்கிறது.

என் அப்பத்தா அரிசி கடத்தியவர். 1960-களின் நடுவில் கேரளத்தில் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு, மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை. பொள்ளாச்சிப் பக்கம் அரிசி இருந்தது, இங்கே பசி இருந்தது, நடுவில் சோதனைச்சாவடி நின்றது. அப்பத்தா பழைய வேட்டியைக் கிழித்து நீளப் பையாகத் தைத்து, நாலு படி அரிசியை நிரப்பி இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே சேலையை உடுத்திக்கொண்டு, சோதனைச்சாவடி இருந்த கோபாலபுரத்துக்கு முன்னாலேயே ரோட்டை விட்டு இறங்கித் தென்னந்தோப்பு வழியாக நடந்து வருவார். வீட்டில் வந்து அவிழ்த்தால் இடுப்பில் பட்டையாகச் சிவந்திருக்குமாம். வேர்வையில் ஒட்டிய அரிசியைக்கூட விடாமல் உதறிப் பானையில் சேர்ப்பார் என்று அப்பா சொல்வார்.

பாதி வீட்டுக்கு, பாதி விற்க. விற்கும்போது படியைக் குவித்துத்தான் அளப்பார், தலைதட்ட மாட்டார். "அளவுல கை வெச்சா மாரியாத்தா கண்ணைக் குத்திருவா" என்பாராம். போலீசுக்குப் பயந்தார், ஆனால் பசித்த ஊருக்கு அரிசி கொண்டுவந்ததை ஒருநாளும் பாவம் என்று நினைத்ததில்லை. அளவில் குறைப்பதுதான் அவருக்குப் பாவம். முப்பது வருடம் பொருளாதாரம் நடத்தியும் நான் இதைவிடத் தெளிவாக எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. வழியை மறிக்காமல் விலகி நிற்க அரசுக்குத் தெரிய வேண்டும். படியை நேராகப் பிடிக்க ஆளுக்குத் தெரிய வேண்டும். எடைக்கல்லுக்கு முத்திரை வைக்க அதிகாரி வேண்டும், ஏமாந்தவன் போக கோர்ட் வேண்டும், சரி, ஆனால் அதிகாரி இல்லாத நேரத்திலும் அப்பத்தாவின் கை நேராக இருந்ததே, அது எனக்கு பக்தியைத் தவிர வேறெதுவாகவும் தெரியவில்லை.

1952இல் ராஜாஜி முதலமைச்சராகி அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார். அப்போது பாலக்காடும் மலபார் மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. விலை எகிறும் என்று பலர் பயந்தார்கள், பதுங்கிக் கிடந்த அரிசி வெளியே வந்தது. பிறகு, எந்தத் தொழிலுக்கும் அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலையை "பர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்" என்று சொல்லிச் சொல்லி எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சியும் தொடங்கினார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் பாதி நேரம், அப்பன் தொழிலில் மீதி நேரம் என்ற அவருடைய 1953 கல்வித் திட்டத்தை என்னால் ஏற்கவே முடியாது. இன்ன வீட்டில் பிறந்தாய், இன்ன வேலை செய் என்று சொல்வதும் ஒரு லைசென்ஸ்தான், இருப்பதிலேயே கொடிய லைசென்ஸ்.

இந்தப் பக்கத்துத் தோழர்கள் என்னை முதலாளிகளின் ஆள் என்பார்கள். 1991இல் லைசென்ஸ் முறை தளர்வதற்கு முன்னால் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோமே, அந்தக் காத்திருப்பில் லாபம் யாருக்கு? போட்டிக்கு இன்னொருவன் வராமல் லைசென்ஸ் காவல் காத்தது முதலாளியைத்தான். ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் தகவலை விலைதான் சேர்த்துச் சொல்கிறது என்று 1974இல் நோபல் வாங்கிய பொருளாதார அறிஞர் ஹயெக் சொன்னார், அதுவும் எனக்கு நம் தோப்பில் நின்றால்தான் புரிகிறது: காங்கேயத்தில் கொப்பரை விலை அசைந்தால் அன்றைக்கே இங்கே தேங்காய் வாங்குகிறவர் விலையை மாற்றிச் சொல்கிறார், இதையெல்லாம் தலைநகரத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்து யாராலும் கணக்குப் போட முடியாது.

அப்புறம் கள். இங்கே பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் லைசென்ஸோடு இறக்குகிறார்கள், தமிழ்நாட்டில் அதே மரத்தில் ஏறினால் 1987இலிருந்து குற்றம், ஆனால் 2003 முதல் மதுக்கடையை அரசே நடத்துகிறது. நான் கள்ளைத் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன், அது சாமிக்கு நேர்ந்துகொண்டது. ஆனால் என் விரதத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல் போலீஸை வைத்து ஏற்ற எனக்கு என்ன உரிமை? பயத்தில் கும்பிடுகிற கும்பிடு சாமிக்குப் போய்ச் சேரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

ரேஷன் கடையை மூடச் சொல்கிறேனா என்று கேட்பீர்கள். இல்லை. அப்பத்தா வாசலில் வாங்கக் காசில்லாமல் நின்றவர்களும் உண்டு, வழி திறந்தால் மட்டும் அவர்கள் பானையில் அரிசி விழாது. அந்த வீட்டுக்கு அரிசியோ பணமோ போகட்டும், வரிப்பணத்தில் முதல் செலவாகவே போகட்டும். ஆனால் அதைச் சாக்காக வைத்து விளைவித்தவனையும் விற்றவளையும் மறிக்க வேண்டாம். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இங்கேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். பொள்ளாச்சிக்குக் கடைசி பஸ் போவதற்குள் உங்கள் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள், முதலில் பின்வரிசைப் பெண்கள் கேட்கட்டும்.