தைம் விளையும் நிலத்து ஒயின்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் தெற்கே, ரோன் நதிக்கரையில் அவிஞ்ஞோன் என்றொரு ஊர். அங்கே ஓர் உணவகத்தின் அடுப்படியில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அந்தப் பக்கத்துச் சிவப்பு ஒயினைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அவிஞ்ஞோனுக்கு வடக்கே ஷாத்தோநெஃப் து பாப் என்ற சிற்றூர் இருக்கிறது. போப்பாண்டவரின் புதுக் கோட்டை என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவிஞ்ஞோனில் இருந்த காலத்தில் கட்டிய கோட்டை அது. இடிந்த சுவர்தான் இப்போது மிச்சம். அந்த ஊர்த் தோட்டங்கள் பலவற்றில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. தேங்காய் அளவுக்கு உருண்டைக் கூழாங்கற்கள், கொடியின் அடி வரைக்கும். ஒரு செப்டம்பர் மாதம், பொழுது சாய்ந்து வெகு நேரம் கழித்து ஒரு கல்லைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல வெதுவெதுப்பு. பகல் வெயிலை வாங்கி வைத்திருந்து, இரவில் பழத்துக்குக் கொடுக்கிறது.

வடக்கிலிருந்து மிஸ்த்ரால் என்ற காற்று வீசும். நடக்கிற ஆளையே தள்ளும். ஆனால் மழை ஈரத்தை அது உலர்த்திவிடுவதால் பழத்தில் பூஞ்சை பிடிப்பது குறைவு.

இங்கே ஒரே திராட்சையில் ஒயின் செய்வது அபூர்வம். கிரெனாஷ் என்ற திராட்சைதான் முக்கியம். காற்றைத் தாங்கும் தடித்த அடிமரம், இனிப்பான பழம். ஆனால் நிறம் வெளிறியது, சீக்கிரம் சோர்ந்துபோகும். அதனால் நிறத்துக்கும் மிளகு வாசனைக்கும் சிரா என்ற இன்னொரு திராட்சையைச் சேர்ப்பார்கள். நல்ல துவர்ப்புக்கு, தோல் தடித்த மூர்வெட்ர். ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. 1936இல் இந்த ஒயின் ஊர்ப் பெயரைச் சட்டப்படி போட்டுக்கொள்ளும் உரிமை பெற்றபோது 13 வகைத் திராட்சைகளுக்கு அனுமதி இருந்தது.

அதற்கு முன்பே, 1923இல், லெ ருவா என்ற தோட்ட உரிமையாளர் முன்நின்று விதிகள் வகுத்தார். தைம் என்ற வாசனை மூலிகையும் லாவெண்டரும் விளைகிற வறண்ட நிலத்தில்தான் கொடி இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஏனென்றால் அதே தைம்தான் அந்த ஊர்ச் சட்டியிலும் விழுகிறது.

டோப் என்ற மாட்டிறைச்சிக் குழம்பைச் சொல்கிறேன். துண்டுகளை முந்தின இரவே சிவப்பு ஒயினில் ஊறப்போடுவோம். கூடவே வெங்காயம், கேரட், தைம், பிரிஞ்சி இலை, ஒரு கீற்று ஆரஞ்சுத் தோல். மறுநாள் மூன்று நான்கு மணி நேரம் சிறு தீயில் வேகும். அப்புறம் அதே ஒயினில் ஒரு வாய். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கிவிட, தைம் வாசனை மட்டும் நாக்கில் நிற்கும். ரோஸ்மேரி போட்டுச் சுட்ட ஆட்டுத்தொடைக்கும் இந்த ஒயின் அப்படியே பொருந்தும். இறைச்சி சாப்பிடாதவர்களுக்குக் கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த ரத்தத்தூய் இருக்கிறது.

மென்மையான மீனோடு வேண்டாம். மிளகாய்க் காரத்தோடும் வேண்டாம். ஆல்கஹால் 14 சதவீதம் வரும், காரத்தை இன்னும் எரிய வைக்கும். கோடையில் பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்து எடுங்கள். சூடாகக் குடித்தால் சாராய நெடிதான் முன்னே நிற்கும்.

டோப்பை மறுநாள் சூடாக்கினால் ருசி இன்னும் கூடும். பாட்டிலில் கொஞ்சம் மீதி வைத்துக்கொள்ளுங்கள்.