கோபுரம் இழந்த தேவாலயம்

அவையோருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் நடுமுற்றத்தில் நிற்கும் நினைவு தேவாலயத்தைப் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. அந்தப் படத்தில் ஒன்று குறையும். மணிக்கோபுரம். அது எங்கே போயிற்று என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

1884இல் லேலண்ட் ஸ்டான்போர்டு, ஜேன் தம்பதியின் ஒரே மகன் பிளாரன்ஸ் நகரில் டைபாய்டு காய்ச்சலுக்குப் பலியானான். வயது பதினைந்து. அவன் நினைவாகவே இந்தப் பல்கலைக்கழகம். 1891இல் வகுப்புகள் தொடங்கின. 1893இல் கணவரும் போய்விட்டார். அவர் ரயில் பாதை போட்டுச் செல்வம் சேர்த்தவர். பழைய ரயில் கடனைக் காட்டி அமெரிக்க அரசு அவருடைய சொத்தின்மேல் ஒன்றரைக் கோடி டாலருக்கு உரிமை கோரியது. சொத்து முடங்கியது. வீட்டுச் செலவுக்கென்று நீதிமன்றம் அனுமதித்த மாதம் 10,000 டாலரைக் கொண்டுதான் ஜேன் பல்கலைக்கழகத்தை நடத்தினார். சட்டத்தின் கண்ணில் பேராசிரியர்கள் அந்த அம்மாளின் வீட்டுப் பணியாளர்கள்! கிரேக்கம் கற்பித்தவரும் சமையற்காரரும் ஒரே கணக்கில்.

1896இல் உச்ச நீதிமன்றம் ஜேன் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் அவர் கட்டடங்களாக எழுப்பித் தள்ளினார். சம்பளத்துக்கும் நூல்களுக்கும் போகவேண்டிய பணம் கல்லுக்குப் போகிறதே என்று ஆசிரியர்களுக்கு வருத்தம். பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டன் அந்த ஆண்டுகளுக்கு வைத்த பெயர், கற்காலம். ஆசிரியர்களின் வருத்தம் நியாயம்தான். ஆனாலும் இந்த ஒரு கட்டடத்துக்காக மட்டும் நான் அந்த அம்மாள் கட்சி.

கணவர் நினைவாக அவர் கட்டிய தேவாலயம் 1903 ஜனவரியில் திறக்கப்பட்டது. எந்தக் கிறிஸ்தவச் சபைப் பிரிவுக்கும் உரியதாக இருக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சுவரெங்கும் மொசைக் ஓவியங்கள். மொசைக் என்றதும் நம் வீட்டுத் தரையை நினைக்காதீர்கள். வெனிஸ் நகரத்து சால்வியாட்டி பட்டறைக்காரர்கள் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதித்து உருவாக்கியவை அவை.

1905இல் ஜேன் ஹொனலுலுவில் இறந்தார். நஞ்சு என்றார்கள் அங்கே விசாரித்த ஜூரிகள். அது தனிக்கதை, இன்று வேண்டாம்.

அடுத்த ஆண்டு, ஏப்ரல் 18, விடியற்காலை. சான் பிரான்சிஸ்கோவை அழித்த அதே நிலநடுக்கம். கோபுரம் சரிந்து கூரைக்குள் இறங்கியது. முகப்புச் சுவர் அதன் ஓவியத்தோடு முற்றத்தில் சிதறியது. பக்கத்தில் அகாசி என்ற இயற்கை அறிஞரின் சிலை தலைகுப்புற விழுந்து, தலை தரைக்குள்ளும் கால் வானத்திலுமாக நின்றது.

கல் கல்லாகப் பிரித்து மறுபடி கட்டினார்கள். வெனிஸ் பட்டறையில் பழைய வரைபடங்கள் பத்திரமாக இருந்தன. அவற்றை வைத்து அதே பட்டறைக்காரர்களே மொசைக்கை மீண்டும் செய்து கொடுத்தார்கள். 1913இல் கதவு மறுபடி திறந்தபோது கோபுரம் மட்டும் இல்லை. அதை மீண்டும் எழுப்பவேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 1989இல் பூமி மறுபடி குலுங்கியபோது மொசைக் தேவதை ஒன்றின் சிறகு பெயர்ந்து விழுந்தது. பழுது பார்த்துத் திறக்க 1992 ஆயிற்று.

கோபுரத்திலிருந்த கடிகாரமும் மணிகளும் 1906இல் பிழைத்துக்கொண்டன. பல காலம் கழித்து, அவற்றுக்கென்று தேவாலயத்திலிருந்து சற்றுத் தள்ளித் தனியாக ஒரு கோபுரம் கட்டினார்கள். உயரம் குறைவுதான்.