டெண்டருக்கு ஊர் தெரிய வேண்டும்

(ராமநாதபுரத்தில் நடந்த சிறுதொழில் முனைவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அரசாங்கம் எதை எவ்வளவுக்கு வாங்கியது என்று நாம் விவாதிக்கிறோம். அந்தப் பணம் எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அரசுக் கொள்முதலில் நம் மாவட்டத்துக்கு ஒதுக்கீடு கேட்டு நீங்கள் மனு தயாரிப்பதால், இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இது நமக்குப் புதிய யோசனை இல்லை. 1983-ல் இலவச வேட்டி சேலைத் திட்டம் தொடங்கியபோது, ஏழைக்குப் பொங்கலுக்குத் துணி கிடைக்க வேண்டும் என்பதோடு, நெசவாளிக்குத் தறியில் வேலை இருக்க வேண்டும் என்பதும் நோக்கமாக இருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டிய பொருளை, வேலை தேவைப்படுகிறவரிடம் வாங்குவது. அவ்வளவுதான் விஷயம்.

மத்திய அரசின் கொள்முதல் கொள்கை 2012-ல் வந்தது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம். நல்ல ஏற்பாடு, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் இதில் ஊருக்கு என்று தனிப் பங்கு இல்லை. 2018-ல் மத்திய அரசே 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும். பின்தங்கியது என்று அரசே எழுதிவைத்த மாவட்டத்தில் பட்டறை வைத்திருப்பவரும், பெருநகரத் தொழிற்பேட்டையில் இருப்பவரும் டெண்டரில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே 1997-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 'ஹப்ஜோன்' என்று பெயர். வறுமை அதிகமுள்ள நகர்ப்பகுதிகள், வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள கிராமப்புற மாவட்டங்கள், பூர்வகுடிகளின் நிலங்கள், ராணுவத் தளம் மூடப்பட்டு வேலை போன ஊர்கள் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துவிட்டார்கள். அங்கே உள்ள சிறு நிறுவனங்களுக்கு மத்திய அரசு ஒப்பந்தங்களில் 3 சதவீதம் போக வேண்டும் என்பது இலக்கு.

அந்த நிறுவனங்களுக்கு விலையிலும் ஒரு சலுகை உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பெரிய கம்பெனி 10 லட்சம் கேட்கிறது, ஹப்ஜோன் நிறுவனம் 10 லட்சத்து 80 ஆயிரம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருப்பதால், பொதுப்போட்டியில் சின்ன நிறுவனத்தின் விலையே குறைவானதாகக் கருதப்படும். ஒப்பந்தமும் அதன் விலைக்கே, அதாவது 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கே கிடைக்கும். நம் விதி என்ன சொல்கிறது? எல்-1 விலையிலிருந்து, அதாவது டெண்டரில் வந்த மிகக் குறைந்த விலையிலிருந்து, 15 சதவீதத்துக்குள் நீங்கள் கேட்டிருந்தால் உங்களைக் கூப்பிடுவார்கள். ஆனால் எல்-1 விலைக்கு இறங்கி வந்தால்தான் ஒரு பங்கு ஆர்டர். கச்சாப்பொருளுக்கு லாரி வாடகை அதிகம் கொடுத்து, குறைந்த எண்ணிக்கையில் உற்பத்தி செய்கிற நம் ஊர்ப் பட்டறைக்காரர் அந்த விலைக்கு எப்படி இறங்குவார்? கையிலிருந்து போட்டுத்தான் இறங்க வேண்டும். என்னைக் கேட்டால், ஊருக்கான சலுகை என்றால் அந்த ஊரில் தொழில் செய்ய ஆகும் கூடுதல் செலவை அது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஹப்ஜோனில் எனக்கு மிகவும் பிடித்த விதி வேறு. அலுவலகம் அந்தப் பகுதியில் இருந்தால் மட்டும் போதாது. நிறுவனத்தின் தொழிலாளர்களில் 35 சதவீதம் பேராவது அப்படிப்பட்ட பகுதிகளில் குடியிருக்க வேண்டும். ஏன் தெரியுமா? முகவரி வாங்குவது சுலபம். 2010-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஒரு சோதனை நடத்தியது. இல்லாத கம்பெனிகள் 4-ஐக் காகிதத்தில் உருவாக்கி விண்ணப்பித்தார்கள். ஒரு கம்பெனியின் அலுவலகம் என்று காட்டிய முகவரி அலமோ. டெக்சாஸில் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப் போகும் பழைய கோட்டை அது! நான்கில் மூன்றுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. யாராவது நேரில் போய்ப் பார்த்திருந்தால் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

அங்கே இன்னொரு சிக்கலும் வந்தது. நல்ல சம்பளம் கிடைத்த தொழிலாளி வேறு பகுதிக்குக் குடிபோனால் கணக்கு 35 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஆளை முன்னேற்றிய நிறுவனத்துக்கே தண்டனை. 2019 இறுதியில் இதைத் திருத்தினார்கள். சான்று பெற்றபோது கணக்கில் இருந்தவர் பின்னால் இடம் மாறினாலும், அதே நிறுவனத்தில் வேலையில் இருக்கும் வரை சில நிபந்தனைகளோடு கணக்கில் வருவார். இத்தனைக்குப் பிறகும், பெரும்பாலான ஆண்டுகளில் அந்த 3 சதவீத இலக்கை அமெரிக்க அரசு எட்டவில்லை. சட்டம் போட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

சரி, நமக்கு என்ன? கருவேலங்கரியும் முண்டு மிளகாயும் மீனும் போக, இந்த மாவட்டத்திலிருந்து அதிகம் வெளியே போவது நம் பிள்ளைகள்தான். திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பஸ் ஏறுகிறார்கள், விமானம் ஏறுகிறார்கள். பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும் தறி இருக்கிறது, கை இருக்கிறது. நிலையான ஆர்டர்தான் இல்லை.

நீங்கள் தயாரிக்கும் மனுவில், மாவட்டத்துக்கு ஒதுக்கீடு என்று பொதுவாக எழுதி நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால், வெளியூர்க்காரர் ஒருவர் இங்கே ஒரு ஷட்டரை வாடகைக்குப் பிடித்துப் போர்டு மாட்டி ஆர்டரை எடுத்துப் போய்விடுவார். பி.எஃப். பட்டியலில் உள்ள தொழிலாளர்களில் குறிப்பிட்ட பங்கினர் இதே மாவட்டத்தின் ரேஷன் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று சேருங்கள். மாவட்டத் தொழில் மையத்திலிருந்து ஓர் அலுவலர் ஆண்டுக்கு ஒருமுறையாவது முன்னறிவிப்பின்றிப் பட்டறைக்கு வந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள். அந்தச் சோதனைக்கு முதலில் நாமே தயாராக இருக்கிறோம் என்பதையும் அதே பத்தியில் சொல்லிவிடுங்கள்.