5 நிமிடப் பசையில் கத்திப் பிடி போடுகிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள்!

(காட்சி: மேசையில் ஒரு கத்தி. பிடியின் ஒரு பக்க மரம் மட்டும் கழன்று கிடக்கிறது.)

இந்தப் பிடியை நான் கழற்றவில்லை. கத்தி கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தால் கத்தி கையில் வந்தது, மரம் தரையிலேயே தங்கிவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்து இழைத்து, ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசையால் ஒட்டிய மரம்! பாதித் தப்பு பசை மேல், மீதி என் மேல். இரண்டையும் சொல்கிறேன்.

எபாக்சி என்றால் என்ன? ஒரு குழாயில் ரெசின், இன்னொன்றில் ஹார்டனர், கலந்தால் வேதிவினை நடந்து இறுகும். அவ்வளவுதான், மேலே போவோம்.

(காட்சி: பசை அட்டை, அதில் பெரிய எழுத்தில் ஓர் எண்.)

இத்தனை கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். அந்த எண் பெரும்பாலும் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, எதிரெதிர்த் திசையில் இழுத்துப் பார்த்து எடுத்தது. கத்திப் பிடியை யார் அப்படி இழுக்கிறார்கள்? அதற்கு வரும் ஆபத்து ஓரத்திலிருந்து வருகிறது.

இதோ ஒரு ஸ்டிக்கர். உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்க்கிறேன், அசையவில்லை. இப்போது ஒரு மூலையை நகத்தால் நெம்புகிறேன். பார்த்தீர்களா, சர்ரென்று வந்துவிட்டது. அதே பசைதான், விசை வந்த இடம்தான் வேறு.

பிடியின் மூலையை நெம்புவது யார் என்று கேட்பீர்கள். மரமேதான்! ஈரம் பட்டால் மரம் குறுக்குவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். 3 சென்டிமீட்டர் அகலப் பிடிக்கு ஈரப்பதத்தில் நான்கைந்து சதவீதம் ஏறி இறங்கினாலே சுமார் 0.3 மில்லிமீட்டர் அசைவு வரும். எழுதும் தாள் மூன்றை அடுக்கிய கனம். இரும்பு ஈரத்துக்கு இம்மியும் அசையாது. நடுவில் மாட்டிக்கொண்ட பசை என்ன செய்யும்? கொஞ்சம் வளைந்து கொடுத்தால் பிழைக்கும். கண்ணாடி மாதிரி விறைத்து நின்றால் ஒரு நாள் 'டக்'.

அதனால் என் கட்சி இதுதான்: மெதுவாக இறுகும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும் எபாக்சி. வெஸ்ட் சிஸ்டம் என்ற பிராண்டின் ஜி-ஃப்ளெக்ஸ் அந்த ரகம். கலந்தபின் முக்கால் மணி நேரம் போல வேலை செய்ய விடும். ஐந்து நிமிட ரகங்கள் பொதுவாக ஈரத்துக்கும் சூட்டுக்கும் சீக்கிரம் விட்டுக்கொடுப்பவை. உடைந்த பொம்மைக்கு அருமை. தினமும் கழுவுகிற கத்திக்கு வேண்டாம். சூப்பர் குளூவா? அடுத்த கேள்வி.

(காட்சி: கழன்ற மரத்தின் உட்பக்கம், மிக நெருக்கத்தில்.)

இப்போது என் தப்பு. பசை முழுவதும் மரத்தின் பக்கம் இருக்கிறது, பளபளவென்று ஒரே ஏடாக. இரும்பின் பக்கம் ஒரு துளி கூட இல்லை. அப்படியென்றால் பசை உடையவே இல்லை, அது இரும்பைப் பிடிக்கவே இல்லை! உற்றுப் பாருங்கள், பசையின் மேல் என் கட்டைவிரல் ரேகை அச்சாக விழுந்திருக்கிறது. ஒட்டுவதற்கு முன் இரும்பைத் தொட்டிருக்கிறேன், விரல் எண்ணெய் அங்கே உட்கார்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, பிடிக்குள் மறையப்போகிற இடத்தையும் கண்ணாடியாக மெருகேற்றி வைத்திருந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு விநாடி யோசித்திருக்கலாம்.

மறைகிற இடத்தை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் நன்றாகக் கீறிவிடுங்கள். அசிட்டோனால் துடையுங்கள், துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை. அப்புறம் தொடாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் பிறகு விடாது. தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய் மரங்களையும் துடைத்த கையோடு ஒட்டிவிடுங்கள், எண்ணெய் மறுபடி மேலே வரும்.

எனக்கு மிகவும் பிடித்த வித்தை ஒன்று. கத்தியின் இரும்பைச் சூடேற்றிக் கடினப்படுத்துவதற்கு முன்பே, மறைகிற இடத்தில் ஆணித்துளை போக இன்னும் நாலைந்து துளை போடுங்கள். பசை அதற்குள் புகுந்து இந்தப் பக்க மரத்தையும் அந்தப் பக்க மரத்தையும் நேராகப் பிடித்துக்கொள்ளும். பசையாலேயே ஆணி அடித்த மாதிரி!

கலக்கும்போது சொன்ன விகிதம்தான். ஹார்டனர் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பது கதை, பிசுபிசுவென்று நிற்கும். கிண்ணத்தில் குவித்து வைக்காமல் தட்டையாகப் பரப்புங்கள். குவியலில் சூடேறிச் சீக்கிரம் கெட்டியாகும்.

கிளாம்பை வெறிகொண்டு முறுக்காதீர்கள். பசை முழுக்க வெளியே பிதுங்கிவிட்டால் உள்ளே எது ஒட்டும்? ஓரமெல்லாம் லேசாகக் கசிந்தால் போதும். 24 மணி நேரம் கையை வைக்காதீர்கள். மறுநாள் கத்தியைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம், கிண்ணத்தில் மிஞ்சியதை நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் பொறுங்கள்.

அப்புறம் உப்புத்தாள் பெல்ட் ஓடும் இயந்திரத்தில் பிடியைத் தேய்க்கும்போது, அதில் போட்ட பித்தளை ஆணியை அடிக்கடி விரலால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிறுத்துங்கள். ஆணி வழியாகச் சூடு நேராகப் பசைக்குப் போகும், பல எபாக்சிகள் 60 டிகிரியைத் தொட்டாலே இளகத் தொடங்கும்.

உங்களிடமும் பிடி கழன்ற கத்தி இருக்கிறதா? பசை மரத்தில் நின்றதா, இரும்பில் நின்றதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். கைரேகை தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள், எனக்கும் துணைக்கு ஆள் வேண்டும்.