கரண்ட் போனதும் படமும் போய்விட்டதா?

சரி, அடுத்த கேள்வி. வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். "அண்ணா, ஒரு கல்யாண அழைப்பிதழுக்காக மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் வரைந்துகொண்டிருந்தேன். பின்னேரம் முழுக்க இருந்து வரைந்த படம். திடீரென்று கரண்ட் போய்விட்டது. ஒரு தடவைகூட சேவ் பண்ணவில்லை. திரும்ப எடுக்கலாமா? இனி இப்படி நடக்காமல் என்ன செய்வது? படம் கேட்டவருக்கு என்ன சொல்வது?" மூன்று கேள்விகள். முதலாவதுதான் அவசரம்.

தங்கச்சி, கிரிட்டாவை இன்னும் திறக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் பெயரே வைக்காத படத்தையும் அது இடைக்கிடை தானாகச் சேமித்து வைக்கும். விண்டோஸில் அது தற்காலிக பைல்கள் கிடக்கும் ஃபோல்டருக்குப் போகும். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சதவீதக் குறி, டெம்ப், மறுபடி சதவீதக் குறி, இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். மறைந்திருக்கும் பைல்களையும் காட்டும்படி வைத்துவிட்டு, பெயரில் கிரிட்டா, ஆட்டோசேவ் என்ற இரண்டும் இருக்கிற பைலைத் தேடுங்கள். கிடைத்தால் முதல் வேலையாக அதை டெஸ்க்டொப்புக்கு கொப்பி பண்ணுங்கள். அதற்குப் பிறகு கிரிட்டாவைத் திறக்கலாம். பழைய படத்தை மீட்கவா என்று அதுவே கேட்கும். பதற்றத்தில் இந்த இடத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் அந்த பைலும் அழிந்துவிடும். கொப்பி எடுத்து வைக்கச் சொன்னது அதற்காகத்தான். கணினியைத் துப்புரவு செய்கிறேன் என்று எந்த மென்பொருளையும் இப்போது ஓடவிடாதீர்கள், அவை முதலில் காலி செய்வது இந்த ஃபோல்டரைத்தான்.

அங்கேயும் இல்லையா? அப்படியென்றால் பம்பலப்பிட்டிப் பக்கம் ஏதாவது கடையில் கொடுத்து மீட்கலாமா என்று யோசிப்பீர்கள். காசைச் செலவழிக்காதீர்கள். ஒருமுறையாவது டிஸ்க்கில் எழுதப்பட்டு, பிறகு அழிந்த பைலைத்தான் அவர்களால் தேட முடியும். தானாகச் சேமித்த பைலும் எழுதப்படவில்லை என்றால் உங்கள் படம் ரேமில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில், மட்டும்தான் இருந்தது, கரண்ட் நின்றவுடன் ரேம் வெறுமையாகிவிடும். அதைவிட வட்ஸ்அப்பைப் பாருங்கள். இடையில் யாராவது சிநேகிதிக்கு "எப்படி இருக்கு?" என்று ஒரு படம் அனுப்பியிருப்பீர்கள். லேயர், அதாவது படத்தின் தனித்தனி அடுக்குகள், ஒன்றும் இருக்காது, தரமும் குறைந்திருக்கும், ஆனாலும் அதைக் கீழே வைத்துக்கொண்டு கோடு இழுக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஆட்டோசேவ் இருக்கிறதுதானே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். மென்பொருள் விழுந்தால் தூக்கிவிடத்தான் அது இருக்கிறது. போட்டோஷொப்பும் அப்படித்தான். நாம் மாற்றாவிட்டால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புத் தகவலை எழுதும், ஆனால் மூடும்போது சேவ் வேண்டாம் என்று நீங்களே சொன்னால் அதையும் எறிந்துவிடும். அதனால் படத்துக்குப் பெயர் வைப்பதை முதல் கோட்டுக்கு முன்னாலேயே செய்யுங்கள். வெள்ளைத் தாள் வந்தவுடன் கன்ட்ரோல் எஸ், ஒரு பெயர், ஒரு ஃபோல்டர். படம் நன்றாக வந்தால் சேவ் பண்ணுவோம் என்று இருப்பதுதான் பிரச்சினையே. நன்றாக வரும்போது யாருக்கும் சேவ் ஞாபகம் வராது.

போனில் அலாரம் வைக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாளே எரிச்சலில் நிறுத்திவிடுவீர்கள். கை ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு சேவ் பண்ணுவதைக் கட்டிவிடுங்கள். புது லேயர் போடும்போது, முழுப் படத்தையும் பார்க்க ஸூம் அவுட் பண்ணும்போது. பேனா டப்லட்டில் பட்டன் இருந்தால் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். சேவ் பண்ணினால் பிழையும் நிரந்தரமாகிவிடுமே என்று சிலருக்கு ஒரு பயம். கிரிட்டாவிலும் போட்டோஷொப்பிலும் சேவ் பண்ணிய பிறகும் அன்டூ, அதாவது செய்ததைத் திருப்பி எடுப்பது, வேலை செய்யும், பைலை மூடும் வரைக்கும். அதற்கும் மேலே பாதுகாப்பு வேண்டுமென்றால் கிரிட்டாவில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெயரின் பின்னால் இலக்கம் சேர்த்துப் புதிய பைலாக வைக்கும், பழையது அப்படியே இருக்கும். ஸ்கெட்ச் முடிந்ததும் ஒன்று, கோடு முடிந்ததும் ஒன்று, நிறம் போட்டதும் ஒன்று. எல்லாக் கட்டத்துக்கும் அதே பைலையே மேலே மேலே எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

போனில் ஐபிஸ்பெயிண்ட், ஐபேடில் புரோகிரியேட் பாவிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். அவை தானாகச் சேமிக்கும், உண்மை. ஆனால் இடம் போதவில்லை என்று அந்தச் செயலியை அழித்தால் உள்ளே இருக்கும் படங்களும் சேர்ந்து போய்விடும். முடிந்த படங்களை, லேயர்களையும் வைத்திருக்கும் பீஎஸ்டி பைலாக வெளியே எடுத்து கூகுள் டிரைவில் போடுங்கள், 15 ஜிபி வரை இலவசம். அதோடு ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். கூகுள் டிரைவை கணினியோடு சிங்க் பண்ணி வைத்திருந்தால் இங்கே அழிப்பது அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான்.

கரண்ட் விஷயம் நம் கையில் இல்லை. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருட்டானது ஞாபகம் இருக்கும். டெஸ்க்டொப் என்றால் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கணினியை ஓட்டும் பற்றரிப் பெட்டி அது. அதில் உட்கார்ந்து வரைவதற்கில்லை, சேவ் பண்ணி ஒழுங்காக அணைக்க சில நிமிடம் கிடைக்கும். மொனிட்டரையும் அதிலேயே சொருகுங்கள், இல்லாவிட்டால் எங்கே அழுத்துவது என்றே தெரியாது. சில வருடத்தில் பற்றரி களைத்துவிடும், சுவர் பிளக்கை ஒருமுறை கழற்றிச் சோதித்துப் பாருங்கள். லப்டொப்காரருக்கு இந்தச் செலவு இல்லை, பற்றரி நன்றாக இருந்தால்.

கடைசியாக, படம் கேட்டவர். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அச்சகத்துக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டு, அதற்கு முந்திய ஒரு திகதியை நீங்களே சொல்லுங்கள். பேசுவதற்கு முன் ஒரு தாளில், முகங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தன, சேலைக்கு என்ன நிறம் போட்டீர்கள் என்று ஞாபகம் இருப்பதை எல்லாம் கிறுக்கி வையுங்கள். எதை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பதில்தான் முதல் தடவை பாதி நேரம் போயிருக்கும். அந்த முடிவுகள் இப்போது உங்களிடம் இருக்கின்றன. அந்தக் கிறுக்கலை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினால், வேலை நடக்கிறது என்று அவருக்கும் தெரியும்.