பிரஷ்யாவுக்கு வளைந்து கொடுக்காத ரோய்ஸ்

அவையோருக்கு வணக்கம். பழைய ஜெர்மனி என்றாலே, ஜெர்மன் நாடுகளில் பெரியதான பிரஷ்யா, அதன் தலைநகர் பெர்லின், தலைமை அமைச்சர் பிஸ்மார்க், பேரரசரான கைசர் என்றுதான் பேச்சு போகும். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது வெறும் 316 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நாடு. ரோய்ஸ் என்ற அரச குடும்பம் இரண்டு கிளைகளாகப் பிரிந்து ஆண்டது; அதில் மூத்த கிளையின் நாடு இது. தலைநகர் கிரைட்ஸ். வெள்ளை எல்ஸ்டர் ஆற்றங்கரையில் மேட்டில் ஓர் அரண்மனை, கீழே ஓர் அரண்மனை, ஊருக்குள் நெசவாலைகள். பக்கத்திலேயே கேரா நகரில் பங்காளிகளான இளைய கிளையின் ஆட்சி.

இந்தக் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தால் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாருக்கும் ஹைன்ரிஷ்தான். முன்னோர்கள் சேவித்த பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷின் நினைவாக வந்த வழக்கம். ஆட்சிக்கு வராத தம்பிமாருக்கும் வரிசை எண் உண்டு. மூத்த கிளையில் நூறுவரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றில் தொடங்குவதாக ஏற்பாடு. இளைய கிளையிலோ நூற்றாண்டு பிறந்தால் கணக்கும் புதிது. அதனால்தான் 1867இல் 67ஆம் ஹைன்ரிஷ் இறந்ததும் அவர் மகன் 14ஆம் ஹைன்ரிஷ் பட்டத்துக்கு வந்தார். சிரிக்கலாம், தப்பில்லை.

ஆனால் கிரைட்ஸின் 22ஆம் ஹைன்ரிஷைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 1859இல் அப்பா இறந்தபோது பையனுக்கு 13 வயது. அம்மா கரோலின்தான் ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். 1866இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடந்த போரில் அந்த அம்மா ஆஸ்திரியா பக்கம் நின்றார். பிரஷ்யப் படை கிரைட்ஸுக்குள் வந்து உட்கார்ந்தது. அபராதமும் கட்ட வேண்டியதாயிற்று. மகன் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

1871இல் ஜெர்மன் பேரரசு உருவானது. அதன் கூட்டாட்சி மன்றத்தில் 58 வாக்குகள். பிரஷ்யாவுக்கு 17, இவருக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பிஸ்மார்க்கின் கத்தோலிக்க எதிர்ப்புச் சட்டங்களையும் சோஷலிஸ்ட் தடைச் சட்டத்தையும் எதிர்த்தார். இவர் கத்தோலிக்கரும் இல்லை, சோஷலிஸ்டும் இல்லை, பழுத்த பழமைவாதி. பதிவுத் திருமணத்தையும்கூட வேண்டாம் என்றவர். ஆகவே இவரை ஜனநாயக வீரராக்கிவிடாதீர்கள். பெர்லின் சொன்னதற்குத் தலையாட்டக் கூடாது, அவ்வளவுதான்.

1902இல் அவர் காலமானார். ஒரே மகன் 24ஆம் ஹைன்ரிஷ் சிறுவயது விபத்தால் ஆள முடியாத நிலையில் இருந்தார். இளைய கிளைப் பங்காளிகளே பொறுப்பு ஆட்சி நடத்தினார்கள். 1918 நவம்பர் புரட்சியில் முடியாட்சி போயிற்று. 1920இல் இரண்டு ரோய்ஸும் துரிங்கியா மாநிலத்துக்குள் கரைந்தன.

அப்புறம் ஒரு கல்யாணம். 22ஆம் ஹைன்ரிஷின் மகள் ஹெர்மினெ, கணவரை இழந்து ஐந்து பிள்ளைகளோடு இருந்தவர். அவருடைய சிறு மகன், ஹாலந்தில் நாடுகடந்து வாழ்ந்த கைசர் இரண்டாம் வில்ஹெல்முக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதினான். கைசர் அவனையும் அம்மாவையும் தான் இருந்த டோர்ன் என்ற ஊருக்கு அழைத்தார். 1922 நவம்பரில் திருமணம். மாப்பிள்ளைக்கு 63 வயது, பெண்ணுக்கு 34. பிரஷ்ய அரச வம்சத்துக்கே மகள் மருமகளாகப் போனதைப் பார்க்க, நல்லவேளை, அப்பா உயிரோடு இல்லை.